நிலா இருந்தால்தான் நிறை தெரியும்

1866ஆம் ஆண்டு மே 16ஆம் திகதி, சென்னை நுங்கம்பாக்கத்தில் இருந்த வானாய்வகத்தில் நோர்மன் பொக்சன் என்ற ஆங்கிலேயர் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார். சிறுகோள் தேடுவது அந்தக் காலத்தில் பொறுமைசாலிகளின் வேலை. வானத்தின் ஒரு துண்டை நட்சத்திர வரைபடத்தோடு ஒப்பிட்டு, படத்தில் இல்லாத புள்ளி ஏதாவது இருக்கிறதா, இருந்தால் நாளைக்கு இடம் மாறுகிறதா என்று இரவு இரவாகப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பொக்சன் பிடித்த புள்ளிக்குச் சில்வியா என்று பெயர் வைத்தார்கள். அதன் இலக்கம் 87. அதே ஆய்வகத்தில் அவருக்கு உதவியாளராக இருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி அடுத்த ஆண்டு ஒளி மாறும் நட்சத்திரம் ஒன்றைக் கண்டுபிடித்தார். அவருடைய பெயர் நம்முடைய பாடப் புத்தகத்தில் இல்லை. இருந்திருக்க வேண்டும்.

1866 என்று படித்தவுடன் இலங்கை மலையகத்து ஆள் ஒருவனுக்கு மனம் வேறு பக்கம் போகும். அதே சென்னை மாகாணத்தின் கிராமங்களில் இருந்து எங்கள் ஆட்கள் கோப்பித் தோட்டங்களுக்குப் புறப்பட்டு வந்துகொண்டிருந்த காலம் அது. தோணி ஏறி, மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளை வரை நடை. மறுவருடம், 1867இல், லூல்கந்துர என்ற தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் என்ற வெள்ளைக்காரர் 19 ஏக்கரில் தேயிலை போட்டார். நுங்கம்பாக்கத்தில் ஒருவர் புள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்த இரவுகளில் என் பாட்டனுக்குப் பாட்டன் எங்கே படுத்திருந்தாரோ. சரி, அது வேறு கதை. நான் எழுத வந்தது சில்வியாவைப் பற்றி.

கண்டுபிடித்து நூறு ஆண்டுக்கு மேலாகியும் சில்வியா ஒரு புள்ளியாகவே இருந்தது. ஒரு புள்ளியில் இருந்து என்னென்ன தெரியும்? போகும் பாதை தெரியும். வெளிச்சம் கூடிக் குறைவதை வைத்து அது தன்னைத்தானே 5 மணி 11 நிமிடத்துக்கு ஒரு தடவை சுற்றுகிறது என்று தெரியும். பருமனைக்கூட ஓரளவு சொல்லிவிடலாம், ஆனால் அதிலும் சிக்கல் உண்டு: கரிக்கட்டை மாதிரிக் கறுத்த பெரிய கல்லும், வெளுத்த சின்னக் கல்லும் தூரத்தில் ஒரே வெளிச்சத்தோடுதான் தெரியும். நிறையைப் பற்றியோ, எதுவுமே சொல்ல முடியாது. பாறையா, இரும்பா, உள்ளே பொத்தலா என்று கேட்டால் கையை விரிக்க வேண்டியதுதான்.

2001 பெப்ரவரியில் ஹவாய்த் தீவின் கெக் தொலைகாட்டி வழியாகப் பார்த்தபோது சில்வியாவுக்குப் பக்கத்தில் இன்னொரு மங்கல் புள்ளி தெரிந்தது. நிலா. பிறகு சிலி நாட்டில் இருக்கும் மிகப் பெரிய தொலைகாட்டி ஒன்றில் எடுத்த படங்களில் அதைவிடச் சின்னதாக இன்னொன்று. 2005 ஓகஸ்டில் அறிவித்தார்கள். இரண்டு நிலா உள்ள சிறுகோள் என்று உறுதியான முதல் ஆள் நம்முடைய சென்னைச் சில்வியாதான். ரோமாபுரிக் கதையில் ரேயா சில்வியா என்ற தாய் பெற்ற இரட்டைப் பிள்ளைகளின் பெயரையே நிலாக்களுக்கும் வைத்தார்கள்: ரோமுலஸ், ரேமஸ்.

நிலா கிடைத்ததும் செய்த முதல் வேலை நிறுத்துப் பார்த்ததுதான்.

இதை அம்மாவிடம் சொன்னபோது அவர் கேட்டது: "தராச எங்கடா மாட்டுறாங்க?"

கேட்கத் தகுதி உள்ளவர் கேட்ட கேள்வி. முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்து எடுத்தவர். கூடைக் கயிறு தலையில் இழுக்கிற இழுப்பிலேயே அம்மாவுக்கு நிறை தெரியும். மலையில் இருந்து இறங்கி, கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு வரும் வழியில் "இன்னிக்கி பத்தொன்பது இருக்கும்" என்பார். மடுவத்தில் தராசில் மாட்டினால் பத்தொன்பதுதான் காட்டும். கொப்பியில் விழுவது பதினைந்தாக இருக்கும். சாக்குக்கு இரண்டு, இலையில் இருக்கும் தண்ணீருக்கு இரண்டு என்று கழித்துவிடுவார்கள், மழையே இல்லாத நாளிலும். சொன்ன கிலோ வராவிட்டால் அரைப்பேர், அதாவது அரை நாள் சம்பளம்தான். அந்த நாட்களில் மட்டும் அம்மா சத்தம் போடுவார். மற்ற நாட்களில் பேசாமல் வந்துவிடுவார்.

அம்மாவுக்குச் சொன்ன பதில் இதுதான்: தராசு தேவையில்லை, இழுப்பு போதும். சில்வியா தன் நிலாவை இழுத்துப் பிடித்திருக்கிறது. எவ்வளவு கனமோ அவ்வளவு இழுப்பு. இழுப்பு கூடினால் அதே தூரத்தில் இருக்கும் நிலா வேகமாகச் சுற்ற வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே விழுந்துவிடும். இழுப்புக் குறைந்தால் ஆறுதலாகச் சுற்றும். ஆகவே நிலா எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, ஒரு சுற்றுக்கு எவ்வளவு நேரம் எடுக்கிறது என்ற இரண்டு எண்ணும் கிடைத்தால், நடுவில் இருப்பதன் திணிவு, அதாவது அதில் எவ்வளவு பொருள் இருக்கிறது என்ற கணக்கு, வந்துவிடும். சுற்றுகிற நிலா சிறியதாக இருந்தால் அதன் திணிவு கணக்கில் வரவே வராது.

உயர்தரம் படிக்கிற பிள்ளைகளுக்கு இது ஒரு பௌதிகவியல் கேள்வி, அவ்வளவுதான். என் வகுப்பில் கொடுத்தும் பார்த்திருக்கிறேன். ரோமுலஸ் இருப்பது சில்வியாவின் நடுவில் இருந்து 1,360 கிலோமீற்றரில். ஒரு சுற்று 87.6 மணித்தியாலம். தூரத்தையும் சுற்று நேரத்தையும் இணைக்கும் கெப்ளரின் மூன்றாம் விதியை நியூட்டனின் ஈர்ப்போடு சேர்த்துப் போட்டால் ஏறக்குறைய 15 என்று எழுதிப் பின்னால் 18 பூச்சியம் போட்ட அளவு கிலோகிராம் வரும். ஆராய்ச்சிக்காரர்கள் சொல்லும் விடையும் அதுதான். 710 கிலோமீற்றரில் 33 மணித்தியாலத்தில் சுற்றும் ரேமஸை வைத்துச் செய்தாலும் கிட்டத்தட்ட அதே விடை வரும். ஆராய்ச்சிக்காரர்கள் செய்த கணக்கைத் தலவாக்கலையில் ஒரு பதினெட்டு வயதுப் பிள்ளை சாதாரணக் கல்குலேட்டரில் செய்து சரி பார்ப்பதைக் காண எனக்கு இன்னும் அலுக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் ஆச்சரியம். சில்வியாவின் சராசரி விட்டம் 270, 280 கிலோமீற்றர் அளவு. அதன் நீளப் பக்கத்தை இலங்கை மேல் வைத்தால் வடக்குத் தெற்கில் பெரும்பகுதியை அடைத்துக்கொள்ளும். அந்தக் கன அளவால் திணிவை வகுத்தால் 2005இல் வந்த அடர்த்தி 1.2. தண்ணீர் 1. கருங்கல் 2.7க்குக் கிட்ட. பிறகு வந்த அளவுகளில் கொஞ்சம் கூடியிருக்கிறது, ஆனாலும் பாறைக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. அப்படியானால் உள்ளே ஏராளமான வெற்றிடம். பாதிக்கு மேலேயும் இருக்கலாம் என்று அந்த ஆய்வாளர்கள் எழுதினார்கள். எப்போதோ பெரிய மோதலில் உடைந்த கல் துண்டுகள் சொந்த ஈர்ப்பில் திரும்பவும் குவிந்து கிடக்கின்றன, சில்வியா என்ற முழுக் கல் கிடையாது, கற்குவியல்தான் இருக்கிறது. நிலா கிடைக்காமல் இருந்திருந்தால் இதை யாரும் இவ்வளவு துணிவோடு சொல்லியிருக்க முடியாது.

தராசே பிழையாக மாட்டப்பட்டால் என்னாகும் என்பதற்குக் கிளியோபட்ரா என்ற சிறுகோள் உதாரணம். 270 கிலோமீற்றர் நீளம், நாய் கடித்துப் போட்ட எலும்பின் வடிவம். அதற்கும் 2008இல் இரண்டு நிலா கண்டுபிடித்தார்கள். அந்த நிலாக்களின் பாதையைத் திரும்பக் கவனமாகக் கணக்கிட்டபோது பழைய பாதை சரியில்லை என்று தெரிந்தது. 2021இல் கிளியோபட்ராவின் திணிவை ஒரேயடியாக 35 வீதம் குறைத்தார்கள். ஒரு சாக்குக்கு இரண்டு கிலோ கழித்ததற்கே சண்டை பிடித்த வீட்டில் வளர்ந்தவனுக்கு 35 வீதம் என்பது பெரிய கழிவுதான். ஆனால் இங்கே காரணம் எழுதி, கணக்கையும் காட்டிவிட்டுக் கழித்தார்கள்.

நிலா இல்லாத சிறுகோளை என்ன செய்வது? நாமே ஒரு நிலாவை அனுப்ப வேண்டும். 2011இல் வெஸ்டாவைச் சுற்றவும், பிறகு 2015இல் சீரிஸைச் சுற்றவும் போன டோன் விண்கலம் செய்த வேலைகளில் இதுவும் ஒன்று. அந்த இரண்டு பெரியவர்களுக்கும் நிலா இல்லை. தேடிப் பார்த்தும் கிடைக்கவில்லை. பெரியவர்களுக்கு இல்லாதது சின்னவர்களுக்கு இருக்கிறது என்பதே இந்த விஷயத்தில் என்னை இழுத்தது.

சின்னக் கல்லுக்கு நிலா தங்காது என்றுதான் கனகாலம் பலர் நினைத்தார்கள். 1978இல் ஹெர்க்குலினா என்ற சிறுகோள் ஒரு நட்சத்திரத்தை மறைத்துக்கொண்டு போனபோது, முக்கிய மறைப்புக்கு முன்னே இன்னொரு தடவையும் நட்சத்திரம் அணைந்து எரிந்ததாகச் சிலர் பதிவு செய்தார்கள். நிலாவாக இருக்குமோ என்ற பேச்சு எழுந்தது. நம்பியவர்கள் ஒரு பக்கம், மேகமோ கண் பிழையோ என்றவர்கள் ஒரு பக்கம். பிறகு ஹபிள் தொலைகாட்டியால் பார்த்தபோது ஹெர்க்குலினாவுக்குப் பக்கத்தில் எதுவும் இல்லை. நம்பாதவர்கள் சிரித்திருப்பார்கள். அந்தச் சிரிப்பு நீடிக்கவில்லை.

வியாழனுக்குப் போய்க்கொண்டிருந்த கலிலியோ விண்கலம் 1993 ஓகஸ்ட் 28ஆம் திகதி, போகிற வழியில் ஐடா என்ற சிறுகோளை 2,400 கிலோமீற்றர் தூரத்தில் கடந்து போனது. அந்த விண்கலத்தின் பெரிய அன்டெனா குடை விரியவில்லை. சின்ன அன்டெனா வழியாக ஒரு படத்தை அனுப்பவே பெரும்பாடு. எடுத்த படங்கள் எல்லாம் நாடாவில் கிடந்தன. முழுப் படத்தையும் வாங்க நேரம் இல்லாததால், முதலில் படத்தின் சில வரிகளை மட்டும் இடைவெளி விட்டு அனுப்பச் சொல்லி, ஐடா எந்த இடத்தில் விழுந்திருக்கிறது என்று பார்த்துக்கொள்வார்கள். ஆன் ஹார்ச் என்ற பெண்மணி 1994 பெப்ரவரி 17ஆம் திகதி அந்தப் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஐடாவுக்கு வலப் பக்கத்தில் ஒரு பொட்டு. ஐடா அறுபது கிலோமீற்றர் நீளம். அந்தப் பொட்டு ஒன்றரைக் கிலோமீற்றர்கூட இல்லை. டக்டில் என்று பெயர் வைத்தார்கள். படம் எடுத்து ஐந்து மாதத்துக்கு மேல் நாடாவுக்குள் கிடந்த நிலா! அன்டெனா ஒழுங்காக விரிந்திருந்தால் இவ்வளவு நாள் தூங்கியிருக்காது.

டக்டிலை வைத்து ஐடாவை நிறுத்தது அரைகுறை நிறுவைதான். விண்கலம் நிலாவின் பாதைத் தளத்தை ஒட்டியே போனதால் பாதை பக்கவாட்டில் தெரிந்தது, வட்டமா நீள்வட்டமா என்று துல்லியமாகச் சொல்ல முடியவில்லை. அடர்த்தி இரண்டுக்குச் சற்று மேலே இருந்து மூன்று வரை எங்கேயாவது இருக்கலாம் என்பதோடு நின்றது. அதுவே பயன்பட்டது. இரும்பு நிறைந்த கனத்த பொருளாக ஐடா இருக்க முடியாது என்று ஒரு பக்கக் கதவு அடைபட்டது.

சின்னக் கல்லுக்கு நிலா எப்படித் தங்குகிறது என்று வகுப்பில் கேட்பார்கள். சூரியன் பறித்துக்கொண்டு போகாதா? தூரத்தில் இருந்தால் பறித்துவிடும். ஒவ்வொரு கல்லுக்கும் தன் ஆட்சி செல்லுபடியாகும் எல்லை ஒன்று உண்டு. முக்கால் கிலோமீற்றர் பருமன் உள்ள டிடிமோஸ் என்ற சிறுகோள், பூமியின் தூரத்தில் சூரியனைச் சுற்றும்போது அந்த எல்லை அறுபது எழுபது கிலோமீற்றர் வரை போகும். அதன் நிலா இருந்தது 1.2 கிலோமீற்றரில். வீட்டுக்குள்ளேயே இருக்கிற மாதிரி. ஆனால் பிடி மிகவும் மெல்லியது. நிலா ஓடும் வேகம் செக்கனுக்கு 17 சென்ரிமீற்றர், மணிக்கு 600 மீற்றர் சொச்சம். டிடிமோஸில் நின்று நீங்கள் எட்டிக் குதித்தால் திரும்ப வரமாட்டீர்கள்.

இதையெல்லாம் எழுதுகிறவன் வானம் பார்க்க வசதியான இடத்தில் இருக்கிறான் என்று நினைத்துவிட வேண்டாம். நட்சத்திரம் பார்க்க மலையகத்தைவிட எரிச்சலூட்டும் இடம் கிடையாது. உயரம் இருக்கிறது, இருட்டு இருக்கிறது, ஊர் வெளிச்சம் குறைவு, எல்லாம் இருந்தும் மூடுபனி மலைக்கு மேலேயே குடியிருக்கும். தொலைகாட்டியை வெளியே வைத்து மூடியைக் கழற்றுவதற்குள் கண்ணாடியில் ஈரம் படிந்துவிடும். எங்கள் பக்கம், லிந்துலை தலவாக்கலை நுவரெலியாப் பக்கம், நல்ல வானம் வருவது தையும் மாசியும்தான். அதுதான் இந்தப் பக்கத்துத் தேயிலைக்கு நல்ல ருசி ஏறும் காலமும். வரண்ட குளிர்க்காற்று இரண்டுக்கும் நல்லது. பதுளை, ஹப்புத்தளைப் பக்கத்து ஊவாக்காரர்களுக்கு அதே காலம் ஆடி ஆவணியில் வரும். வானம் முழுதாகத் திறந்த இரவில் நிலத்தின் சூடெல்லாம் மேலே போய்விடும். விடியும்போது நுவரெலியாவில் புல்லில் வெள்ளையாகப் பனி உறைந்திருக்கும். இரண்டு மூன்று நாளில் கொழுந்து கருகும். மலைக்குப் போகிற பெண்கள் கருகிய இலையைப் பார்த்து வயிறு எரிகிற அந்த வாரம்தான் எனக்கு வருடத்திலேயே நல்ல வானம். வீட்டில் இதைச் சத்தமாகச் சொல்வதில்லை.

அந்த நல்ல வானத்திலும் சிறுகோளின் நிலா என் தொலைகாட்டியில் தெரியாது. வெஸ்டாவைப் பார்க்கலாம், இருட்டான இரவில் பைனாகுலரே போதும். நிலாவைத் தனிப் புள்ளியாகப் பார்க்க, காற்றின் நடுக்கத்தைச் செக்கனுக்குப் பல நூறு தடவை கண்ணாடியை வளைத்துச் சரி செய்கிற பெரிய தொலைகாட்டிகள் வேண்டும். அல்லது ரேடார் வேண்டும். போர்ட்டோ ரிக்கோவின் அரசிபோ தொலைகாட்டி பூமிக்குக் கிட்ட வரும் கற்களின் மேல் ரேடார் அடித்து நிலாக்களைப் பிடித்துக்கொண்டிருந்தது. 2020 டிசம்பர் 1ஆம் திகதி அதன் மேடை அறுந்து கீழே விழுந்துவிட்டது. பார்த்து அழுத விஞ்ஞானிகள் உண்டு.

மூன்றாவது வழி ஏழைக்கு ஏற்ற வழி. அது வெறும் வெளிச்சக் கணக்கு. 2022இல் மின்வெட்டு நீண்ட நாட்களில் ஒரு ஞாயிறு மாலை வகுப்பில் செய்து காட்டியது இன்னும் நினைவில் இருக்கிறது. நுவரெலியாக் கிழங்கு இரண்டு எடுத்தோம், ஒன்று பெரியது, ஒன்று சின்னது. தோல் சீவியதால் வெள்ளையாக இருந்தன. பின்னால் கறுப்புக் கம்பளியைத் தொங்கவிட்டோம். ஒரு பையன் டோர்ச் அடித்தான். பெரிய கிழங்கை ஈர்க்கில் குத்தி நிறுத்தி, சின்னதைக் கம்பியில் குத்தி அதைச் சுற்றி மெதுவாக நகர்த்தினாள் ஒரு பிள்ளை. வெளிச்சம் அளக்கும் செயலி உள்ள என் போனைக் கிழங்குகளுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு ஒருவர் எண்ணைச் சத்தமாக வாசிக்க, மற்றவர்கள் கொப்பியில் புள்ளி போட்டார்கள். சின்னது பக்கத்தில் இருக்கும்போது எண் ஒரே மட்டத்தில் நிற்கும். பெரியதற்குப் பின்னால் மறைந்தால் ஒரு பள்ளம். முன்னால் வந்து பெரியதன் ஒரு பகுதியை மறைத்தால் இன்னொரு பள்ளம்.

"சேர், போனுக்கு ரெண்டு கிழங்குனு தெரியாதுல்ல?"

தெரியாது. போனுக்கு ஒரே எண்தான். கொப்பியில் இருக்கும் பள்ளத்தைப் பார்த்து நாம்தான் இரண்டு என்று சொல்ல வேண்டும். பள்ளத்தில் இருந்து அதே மாதிரியான அடுத்த பள்ளம் வரை எவ்வளவு நேரமோ, அதுவே நிலாவின் ஒரு சுற்று. 2003 நவம்பரில் பெட்ர் பிராவெக் என்ற வானியலாளரின் குழுவினர் டிடிமோஸுக்கு நிலா இருப்பதைக் கண்டதும் இப்படி வெளிச்சப் பள்ளத்தில்தான். அரசிபோ ரேடாரும் அதை உறுதி செய்தது. சுற்று 11 மணி 55 நிமிடம். இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கிழங்கு என்ன ஆனது என்று கேட்காதீர்கள், அன்றைக்குக் கிழங்கு விற்ற விலைக்கு யாரும் வீணாக்கவில்லை.

நிலா முதலில் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு ஒரே விடை இல்லை. சில்வியா மாதிரிப் பெரியவற்றுக்குப் பழைய மோதல். உடைந்து சிதறியதில் கொஞ்சம் திரும்ப விழாமல் சுற்ற ஆரம்பித்துவிட்டது. சின்னவற்றின் கதைதான் நம்பக் கஷ்டம்: வெயில். சூரிய ஒளியை வாங்கிச் சூடான கல், அந்தச் சூட்டை வெப்பக் கதிராகத் திரும்ப விடும்போது மிக மெல்லிய உதை ஒன்று வாங்குகிறது. கல் கோணல்மாணலாக இருந்தால் அந்த உதைகள் சமப்படாமல் கல்லை முறுக்கும். இலட்சம், பத்து இலட்சம் வருடங்கள் முறுக்கினால் சுழற்சி வேகம் ஏறிக்கொண்டே போகும். 2.2 மணித்தியாலத்துக்கு ஒரு சுற்று என்ற வேகத்தை எட்டினால் குவியலாகக் கிடக்கும் கற்கள் நடுப்பகுதியில் ஒட்டி நிற்காது. கழன்று போய்ச் சுற்றிவரக் கூடி நிலாவாகும். டிடிமோஸ் இன்றைக்கும் 2.26 மணித்தியாலத்துக்கு ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டிருக்கிறது, விளிம்பில்தான் நிற்கிறது. பூமிக்குக் கிட்ட வரும் கற்களில், மிகச் சிறியவற்றை விட்டுவிட்டால், நூற்றுக்குப் பதினைந்துக்கு இப்படி நிலா இருப்பதாகக் கணக்கு. வெயில் கல்லை முறுக்குவதை நேரடியாக அளந்து காட்டியது 2007இல்.

இப்போது தெரிந்த நிலாச் சிறுகோள்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன, எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. அன்ரியோப்பியில் எது கோள் எது நிலா என்றே சொல்ல முடியாது. இரண்டும் ஏறக்குறைய 85 கிலோமீற்றர், ஒன்றையொன்று பதினாறரை மணித்தியாலத்தில் சுற்றி வருகின்றன. எலெக்ட்ராவுக்கு மூன்றாவது நிலா இருப்பதைத் தாய்லாந்தில் இருந்து வேலை செய்யும் ஒரு குழு பழைய படங்களை நுணுக்கிப் பார்த்து 2022இல் சொன்னது. எனக்குப் பிடித்தது டிங்கினேஷ். 2023 நவம்பர் 1ஆம் திகதி லூசி விண்கலம் அதைக் கடந்தபோது முதல் படத்தில் ஒரு நிலா தெரிந்தது. அடுத்தடுத்த படங்கள் வந்து சேர்ந்தபோது அந்த நிலாவே இரண்டு நிலா, முதுகோடு முதுகு ஒட்டிக்கொண்டு நின்றன! முக்கால் கிலோமீற்றர் கல்லுக்கு ஒட்டிப் பிறந்த இரட்டை நிலா. அதை முன்கூட்டியே சொன்னவர் எவரும் இல்லை.

டிடிமோஸுக்கு வருவோம். அதன் நிலாவுக்கு டிமோர்போஸ் என்று பெயர், 150 மீற்றர் பருமன். பூமியை நோக்கி ஒரு கல் வந்தால் விண்கலத்தால் இடித்துத் தள்ளிவிட முடியுமா என்று சோதிக்க நாசா அதையே தெரிவு செய்தது. தனிக் கல்லை இடித்தால் அதன் சூரியப் பாதை மாறுவது அளக்க முடியாத அளவு நுணுக்கம். நிலாவை இடித்தால் 11 மணி 55 நிமிடம் மாறுகிறதா என்று பூமியில் இருந்தே பார்த்துவிடலாம், வெளிச்சப் பள்ளங்கள் போதும். அந்த யோசனைக்காரருக்கு நான் கும்பிடு போடுவேன்.

விண்கலம் போய் இடித்தது இலங்கை நேரப்படி 2022 செப்டெம்பர் 27, அதிகாலை 4.44. தோட்டத் தொழிலாளர் லயத்தில் அந்த நேரம் சில அடுப்புகள் எரியத் தொடங்கியிருக்கும். நான் போனில் நேரலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கெமரா செக்கனுக்கு ஒரு படம் அனுப்பிக்கொண்டிருந்தது. ஒரு மணித்தியாலத்துக்கு முன்புவரை டிமோர்போஸ் தனியாகத் தெரியவே இல்லை. பிறகு புள்ளி, பிறகு சாம்பல் நிற முட்டை, பிறகு படம் முழுக்கக் கல். பாறை பாறையாக, ஒன்றின் மேல் ஒன்று கொட்டிக் கிடந்த கல், மண் என்று சொல்ல ஓரிடம்கூட இல்லை. கடைசிப் படம் மேலே ஒரு கீற்று மட்டும் வந்து பாதியில் நின்றது, மிச்சம் அனுப்ப விண்கலம் இல்லை. அம்மா தேத்தண்ணீரை வைத்துவிட்டு எட்டிப் பார்த்து, "காசு குடுத்து அனுப்பி ஒடைக்கிறானுங்களா?" என்றார். ஆமாம் என்றேன்.

ஏறக்குறைய 580 கிலோ உள்ள விண்கலம், செக்கனுக்கு 6 கிலோமீற்றருக்கு மேற்பட்ட வேகம். சுற்று 73 செக்கன் மாறினாலே வெற்றி என்று முன்பே எழுதி வைத்திருந்தார்கள். மாறியது 32 நிமிடம். 11 மணி 55 நிமிடம் 11 மணி 23 நிமிடமாகக் குறைந்தது, பிறகு வந்த அளவுகளில் அது 33 நிமிடம் என்று திருத்தப்பட்டது. நிலாவின் வேகத்தில் மாற்றம் செக்கனுக்கு 2.7 மில்லிமீற்றர்தான். ஆனால் விண்கலம் தள்ளியதைவிடக் கூடுதலாகத் தள்ளியது, இடியில் பின்னால் பீறிட்டுப் பறந்த கல்லும் தூசியும். அந்தத் தூசி ஆயிரக்கணக்கான கிலோமீற்றருக்கு வால் விட்டதைச் சிலியில் இருந்து படம் எடுத்தார்கள். எல்லாம் சேர்த்துத் தள்ளு, விண்கலம் தனியாகத் தள்ளியதைப் போல எத்தனை மடங்கு என்று கணக்கிட்டு 3.6 என்றார்கள்.

இங்கேதான் என் பழைய விஷயம் திரும்ப வருகிறது. அந்த 3.6 வர வேண்டுமானால் டிமோர்போஸின் திணிவு தெரிய வேண்டும். டிடிமோஸை நிறுத்தாயிற்று, நிலா இருந்ததால் 54 கோடி டொன் என்று வந்தது. நிலாவை நிறுக்க? டிமோர்போஸுக்கு நிலா இல்லை. டிடிமோஸின் அடர்த்தியையே இதற்கும் வைத்து 43 இலட்சம் டொன் என்று எடுத்துக்கொண்டார்கள். நிலாவின் அடர்த்தி அதைவிடக் குறைவானால் 3.6 குறைந்து 2.2 வரை போகலாம், கூடினால் 4.9 வரை ஏறலாம். நாளைக்கு உண்மையாகவே ஒரு கல்லைத் தள்ள வேண்டி வந்தால் இந்த வித்தியாசம் சின்னது அல்ல, ஒரு விண்கலம் போதுமா இரண்டு வேண்டுமா என்ற வித்தியாசம் அது.

அதற்காகவே ஐரோப்பாக்காரர்கள் ஹேரா என்ற விண்கலத்தை 2024 ஒக்டோபர் 7ஆம் திகதி அனுப்பினார்கள். 2025 மார்ச்சில் செவ்வாயைக் கடந்தது, 2026 கடைசியில் போய்ச் சேர வேண்டும் என்பது திட்டம். அங்கே அது செய்யப் போகும் நிறுவை அழகானது. டிடிமோஸ் நிலாவை இழுக்கிற மாதிரி நிலாவும் டிடிமோஸைக் கொஞ்சம் இழுக்கிறது. அதனால் பெரிய கல் தன் இடத்தில் சும்மா நிற்காமல் பத்து மீற்றர் அளவில் ஒரு சின்ன வட்டம் போட்டு ஆடிக்கொண்டிருக்கும். ஹேரா அதன் மேலே இருக்கும் பாறைகளை அடையாளம் வைத்துக்கொண்டு அந்த ஆட்டத்தை அளக்கும். ஆட்டம் எவ்வளவோ அவ்வளவு நிலாவின் திணிவு. கூடப் போகும் இரண்டு குட்டி விண்கலங்களும் கிட்டப் போய் இழுப்பைப் பார்க்கும்.

வகுப்பில் பிள்ளைகளிடம் பந்தயம் கேட்டேன், 43 இலட்சத்துக்கு மேலேயா கீழேயா என்று. ஆளுக்கு ஒரு பக்கம் பிரிந்தார்கள். என் பந்தயம் கீழே. கடைசிப் படத்தில் பார்த்த அந்தப் பாறைக் குவியலுக்கு இடையில் அவ்வளவு பொந்து இருந்தது.